எட்டு நிமிட ஜன்னல்

ஆயாவுக்கு வயது முப்பத்திநாலுதான். ஆனால் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பால் கொண்டுவரும் தாத்தாகூட அவளை ஆயா என்றுதான் கூப்பிட்டார். ஒன்பது குழந்தைகள் அவள் பொறுப்பு. கடைக்குட்டிக்கு ஒன்றேகால் வயது. கன்னமும் தொடையுமாக இருந்ததால் எல்லோருக்கும் அவன் உருண்டை.

உருண்டையின் அம்மா பஸ் ஓட்டுபவள். அவள் வழித்தடத்தின் கடைசி நிறுத்தம் காப்பகத்தின் முன்னறை ஜன்னலை ஒட்டியே இருந்தது. ஒவ்வொரு நடைக்கும் அங்கே எட்டு நிமிடம் நிற்பாள். இருக்கையை விட்டு இறங்க அனுமதி இல்லை. பழைய வண்டி, அணைத்தால் மறுபடி கிளம்ப அடம்பிடிக்கும் என்பதால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அவள் ஹாரனை இரண்டு முறை தட்டினால் போதும், ஆயா ஜன்னலைத் திறந்து பையனைத் தூக்கிக் காட்டுவாள். அம்மா தொப்பியைக் கழற்றி மாட்டி வேடிக்கை காட்டுவாள். பையன் கைகொட்டிச் சிரிப்பான். பார்க்கிற ஆயாவுக்கும் வயிறு குளிர்ந்துபோகும்.

பனிக்காலம் தொடங்கியதும் பையனுக்கு இருமல் வந்தது. பல் முளைக்கிறது, அதனால்தான் என்றார்கள். பிறகு மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். ஒரு நண்பகல், பால் குடித்துக்கொண்டிருந்தவனுக்கு விலா எலும்புகள் உள்ளே இழுத்துக்கொண்டன, உதடு கறுத்தது. மற்றக் குழந்தைகளைக் காப்பகம் நடத்தும் மேடத்திடம் விட்டுவிட்டு, ஆயா செருப்புகூடப் போடாமல் அவனை வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

முகத்தில் கவசம் மாட்டி மருந்தை ஆவியாகக் கொடுத்த டாக்டரம்மா கேட்டாள்: “வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?”

“வீட்டுல அம்மாவும் பிள்ளையும் மட்டும்தாங்க.”

“பகல்ல எங்க இருப்பான்?”

“எங்ககிட்டதான். ஜன்னலோரத் தொட்டில்.”

“ஜன்னலுக்கு வெளியில என்ன இருக்கு?”

“பஸ் வந்து நிக்கிற இடங்க” என்றாள் ஆயா. காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பு மதியத்துக்குள் கரிபிடித்துப்போவது அவளுக்குத் தெரியாததா?

“டீசல் புகை பெரியவங்களையே பாடாப்படுத்தும். இது இன்னும் வளர்ற நெஞ்சு. மருந்து நான் தர்றேன். புகையை நீங்கதான் தள்ளி வைக்கணும்.”

திரும்பி வந்ததும் ஆயா ஒன்பது தொட்டில்களையும் பின்னறைக்கு இழுத்தாள். அது மேடத்தின் ஆபீஸ் அறை.

“முன்னறைச் சுவத்துல யானை படம் வரைஞ்சதே பெத்தவங்க பார்க்கத்தானே?” என்று மேடம் குதித்தாள்.

“யானையை அவங்க பார்க்கட்டும் மேடம். பிள்ளைங்க பின்னாடி தூங்கட்டும்” என்று, ஜன்னலைத் துடைத்துக் கறுத்த துணியை மேசைமேல் விரித்தாள் ஆயா. மேடம் அதைப் பார்த்தாள். பிறகு முன்னறைக்கு நகர்த்த மேசையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள்.

அம்மாவிடம் சொல்வதுதான் மலையாக இருந்தது. வேலை முடிந்து மூச்சிரைக்க ஓடிவந்தவள், மகனை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

“என் வண்டியா ஆயா?”

“உன் வண்டி மட்டுமில்லம்மா. நாள் பூரா அங்க வண்டி நிக்குதே.”

“மத்த வண்டி வந்தா ஜன்னல் மூடியிருக்கும். என் ஹாரனுக்குத்தானே திறப்பீங்க?”

“திறந்தது நான்” என்றாள் ஆயா. இரண்டு பேரும் அழுதார்கள். பையன் மட்டும் தொப்பியை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஹாரன் ஒலிக்கவில்லை. பஸ் நின்றதும் இன்ஜின் அடங்கியது. கிளம்பும்போது மூன்றாவது முயற்சியில்தான் உயிர் வந்தது. பயணிகள் கத்தினார்கள், நேரக் காப்பாளர் திட்டினார். அம்மா அசரவில்லை. மற்ற ஓட்டுநர்களிடமும் கெஞ்சிப் பார்த்தாள். இரண்டு பேர் அணைத்தார்கள், மற்றவர்கள் சிரித்தார்கள். ஆயா எல்லாப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கி பஸ் டிப்போவில் மனு கொடுத்தாள். நடையாய் நடந்த பிறகு, நிறுத்தத்தில் இன்ஜினை அணைக்கச் சொல்லி ஒரு பலகை வந்தது. பாதிப் பேர் மதித்தார்கள்.

அந்தப் பனிக்காலத்திலேயே உருண்டைக்கு இன்னும் இரண்டு முறை மூச்சு இழுத்தது. ஆனால் ஆஸ்பத்திரிவரை போகவில்லை.

அம்மா வேறு வழித்தடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். “இவ்வளவு பக்கத்துல வந்து நின்னுட்டு, பிள்ளை முகத்தைப் பார்க்காம போக முடியல ஆயா” என்றாள். புதிய வழித்தடம் ஊரின் மறுகோடியில். அவள் வந்துசேர ஒரு மணி நேரம் தாமதமாகும். அந்த ஒரு மணி நேரமும் ஆயா வீட்டுக்குப் போகாமல் பையனோடு பின்னறையில் இருப்பாள்.

அங்கேதான் அவன் நடை பழகினான். இப்போது ஓடுகிறான். சுவருக்குச் சுவர் ஓடி வந்து மடியில் விழுந்ததும், ஆயா முதலில் அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள். கேட்ட பிறகுதான் சிரிப்பாள்.