அறுபது பேரில் இல்லாத பெயர்

இந்தக் காலத்தில் எவனும் போனால் போனதாக இருப்பதில்லை. ஒரு கல்லூரியில் சேருகிறான், பிடிக்கவில்லை என்று அடுத்ததற்குத் தாவுகிறான், அங்கேயும் பிடிக்காமல் பழைய இடத்துக்கே வந்து நின்று, நான் எப்போது போனேன் என்று கேட்கிறான். இந்தியானா மாநிலத்து கார்வர் க்ரீக் கல்லூரியின் கூடைப்பந்து அரங்கத்தில் முப்பத்தொரு வருஷமாகத் தரை துடைத்துவரும் மெர்ல் ஹாஸ்லருக்கு இதில் தீராத எரிச்சல். அவர் எட்டாவதோடு படிப்பை விட்டவர். அவர் திரும்பி வருவார் என்று எவனும் அவருடைய பெஞ்சைத் துடைத்து வைத்துக் காத்திருக்கவில்லை. ஆகவே, கல்லூரி அணியில் நாலாம் நம்பர் சட்டை போட்டு ஆடிய பையனின் பெயர் ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றோடு யாருடைய வாயிலும் வராமல் போய்விட்டது என்று ஊரே சொன்னபோது, மெர்ல் அதை நம்பவில்லை. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டு வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனார்.

நடந்தது இதுதான். பையனுக்குக் கல்லூரியில் இன்னும் ஒரு வருஷம் பாக்கியிருந்தது. அதற்குள், பணம் கொடுத்து ஆட வைக்கிற பெரிய அணிகள் வருஷத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து கல்லூரிப் பையன்களைப் பொறுக்கி எடுக்கும் நாள் வந்தது. மொத்தம் அறுபது பெயர்கள். நம் பையன் முதல் முப்பதுக்குள் வருவான் என்று கல்லூரி அணியின் கோச் டில்மன் சொன்னார், முடிதிருத்துகிறவர் சொன்னார், வானிலை சொல்லும் பெண்கூடச் சொன்னாள். பையன், பெரிய அணிகளோடு பேரம் பேசித்தரும் ஒரு ஏஜெண்ட்டிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். கையெழுத்துப் போட்டவன் திரும்ப வரக்கூடாது என்பது கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி. திரும்பி வருவதைப் பற்றி அப்போது யார் யோசித்தார்கள்? தீயணைப்புக் குழுவினர் ஒரு வாரம் முன்னதாகவே ஏணி போட்டு ஏறி, ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் 'இன்னாரின் சொந்த ஊர்' என்று ஆள் உயர எழுத்தில் பையனின் பெயரை எழுதிவிட்டார்கள். பழைய ராணுவத்தினர் மண்டபத்தில் பன்றி இறைச்சி வறுவலும் ரொட்டியும் போட்டு எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அறுபது பெயர்கள் வாசிக்கப்பட்டன, நம் பையனுடையது அதில் இல்லை. அறுபதாவது ஆள் போர்ச்சுகல்லில் எங்கோ இருந்தான். அவனுக்கே விஷயம் தெரியாது.

டிவியை அணைத்ததும் பையனின் அம்மா ரொவீனா, "வாப்பா, வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லிப் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தொண்டை கட்டிக்கொண்டதாக நினைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் முயன்றாள். மண்டபத்தில் இருந்த நூற்று நாற்பது பேரும் ஆளுக்கொரு தடவை முயன்றார்கள். பாதிரியார் மூன்று தடவை. மறுநாள் காலையில் தண்ணீர்த் தொட்டியில் 'இன் சொந்த ஊர்' என்பது மட்டும் நின்றது. அதற்கு முன்னால் இருந்த இடம் கழுவிவிட்டது போல வெள்ளையாக இருந்தது. ஓட்டுநர் உரிமத்திலும் பைபிளின் முதல் பக்கத்திலும் அவன் தொட்டில் காலத்து வெள்ளிக் கரண்டியிலும் அதே கதை. பெயர் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் சொல்ல வரவில்லை, எழுதினால் நிற்கவில்லை. அந்த வாரம் சோளம் விலை கொஞ்சம் ஏறியிருந்ததால் ஊர் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

பையன் விரும்பியது ஒன்றே ஒன்றுதான். திரும்ப வந்து மிச்சமுள்ள ஒரு வருஷத்தைப் படித்து, ஆடி, பட்டம் வாங்க வேண்டும். அவன் வீட்டில் அதுவரை ஒருவரும் வாங்கியதில்லை. ரொவீனா பத்தொன்பது வருஷமாக வான்கோழித் தொழிற்சாலையில் இறக்கை வெட்டியது அதற்காகத்தான். அவன் சங்கத்துக்கு விண்ணப்பம் அனுப்பினான். முதல் கட்டம் காலியாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. அந்தக் கட்டத்தில் பெயர் கேட்டிருந்தார்கள். அடுத்த தடவை '4' என்று எழுதினான். எண் பெயராகாது என்று வந்தது. புகைப்படம் ஒட்டினான். புகைப்படத்தை வாசிக்க இயலாது என்றார்கள். நாலாவது தடவை ரொவீனா தானே கிளம்பி மாநிலத் தலைநகருக்குப் போய் அவர்கள் மேஜைக்கு முன்னால் நின்றாள். "என் வயித்துல பொறந்தவன். பேரு வச்சதே நான். எனக்கே வாயில வரலைன்னா, அவன் எழுதலைன்னு நீங்க ஏன் கேக்குறீங்க?" என்றாள். அவர்கள் மரியாதையாகக் காப்பி கொடுத்து, வெளியே போகும் வழியைக் காட்டினார்கள்.

அந்த வருஷம் அணி வரிசையாகப் பதினான்கு ஆட்டம் தோற்றது. விதி அநியாயம் என்று ஊர் கொதித்தது. பத்தொன்பது வயசுப் பையன் ஒரு தடவை ஆசைப்பட்டதற்கு ஆயுள் தண்டனையா என்று கோச் டில்மன் ரேடியோவில் தழுதழுத்தார். பையனுக்கு இருபத்தொன்று. மூவாயிரம் பேர் கையெழுத்திட்டு மனு அனுப்பினார்கள். யாரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்கிற இடம் மட்டும் மனுவில் காலி. அடுத்த வருஷம் லிதுவேனியாவிலிருந்து ஏழடி உயரத்தில் ஒருவன் வந்து சேர்ந்தான். அணி இருபத்திரண்டு ஆட்டம் ஜெயித்தது. விதி என்றால் விதிதான் என்று டில்மன் அதே ரேடியோவில் சொன்னார், ஊரும் அதே தலையை ஆட்டியது. மனுவின் நகல் முடிவெட்டும் கடையில் கண்ணாடி துடைக்கப் பயன்பட்டது.

நாலாம் நம்பர் அம்மாவோடு தொழிற்சாலைக்குப் போனான். அங்கே எல்லாரும் அட்டையில் நம்பர் போட்டுத்தான் நிற்பார்கள், ஆகவே சங்கடமில்லை. வேலை முடிந்ததும் அரங்கத்துக்கு வந்து தனியாகப் பந்து போடுவான். வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு. ஆனால் பின்கதவின் பூட்டு ஆறு வருஷமாகப் பழுதாகவே இருந்தது. அதைச் சரிபண்ண வேண்டியவர் மெர்ல்.

"போன எடத்துக்கே எதுக்குடா வர்ற? நான் பள்ளிக்கூடத்த விட்டப்ப திரும்பிப் பாத்தனா?" என்பார் மெர்ல், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு.

"திரும்பிப் பாத்திருந்தா இப்ப தொடைச்சிட்டிருக்க மாட்டே, பெருசு."

"வாய் இருக்கு. பேருதான் இல்ல. ஷூவைத் தொடச்சிட்டு ஏறு, வான்கோழி நாத்தம் அடிக்குது."

நாலாவது வருஷத்தில் கோச் டில்மன், ஆட்டப் பருவம் பாதியில் இருக்கும்போதே, பையன்களிடம் குடும்பம் என்றால் என்ன என்று ஒரு மணிநேரம் பேசிவிட்டு, அன்று சாயங்காலமே டெக்சாஸில் ஒரு பெரிய கல்லூரிக்குப் போய்விட்டார். அங்கே அவரை இரண்டு வருஷத்தில் துரத்தினார்கள். திரும்பி வந்தார். கார்வர் க்ரீக் பேண்டு வாத்தியம் வைத்து வரவேற்றது. பெண்கள் கேக் சுட்டுக்கொண்டு வந்தார்கள். அவர் பெயரைச் சொல்ல யாருக்கும் நாக்கு தடுக்கவில்லை. குழந்தைகள்கூடத் தெளிவாகச் சொன்னார்கள்.

மெர்ல் வாளியோடு கூட்டத்துக்குள் புகுந்து நேரே போய்க் கேட்டார். "நீங்க எத்தன ஃபாரம் எழுதுனீங்க, கோச்?"

"என்ன ஃபாரம், பெரியவரே?"

"அதான் கேட்டேன்" என்று சொல்லி, கோச் நின்ற இடத்தை அவர் காலோடு சேர்த்துத் துடைத்தார்.

அதே வருஷம் ஜூனில், கிழக்குக் கடற்கரையில் ஒரு மாபெரும் கல்லூரியின் நட்சத்திர ஆட்டக்காரன் அறுபதில் விடுபட்டுப் போனான். அவன் பெயரும் மறுநாள் காலை காணாமல் போயிற்று. அந்தக் கல்லூரிக்கு இருபதாயிரம் இருக்கை கொண்ட அரங்கம், டிவிக்காரர்களோடு ஒப்பந்தம், சங்கத்தின் தலைமை மேஜையில் மூன்று பழைய மாணவர்கள். சங்கம் செவ்வாய்க்கிழமை கூடியது. தேர்வாகாதவர்கள் திரும்பி வரலாம் என்று பதினோரு நிமிஷத்தில் விதியை மாற்றியது. பிறகு விண்ணப்பத்திலிருந்து முதல் கட்டத்தை எடுத்துவிட்டது. அதற்கு இன்னொரு ஒன்பது நிமிஷம். மதியச் சாப்பாட்டுக்குக் கலைந்தார்கள். மாணவர் நலனே தங்கள் மூச்சு என்று அறிக்கை வந்தது.

இப்படியாக நாலாம் நம்பர் தன் இருபத்தேழாவது வயசில் கல்லூரிக்குத் திரும்பினான். அவனோடு படித்த ஒருத்தி இப்போது அவனுக்குப் புள்ளியியல் நடத்தினாள். ஆறு வருஷம் இறக்கை வெட்டிய மணிக்கட்டில் பழைய வேகம் இல்லை. ஆட்டத்துக்கு ஆறு புள்ளி எடுத்தான், அவ்வளவுதான். ஆனால் ஆட்டம் தொடங்குமுன் விளக்கை அணைத்து ஒவ்வொருவர் பெயராக இழுத்து அறிவிக்கும் வழக்கம் அங்கே உண்டு. அவன் முறை வந்தபோது அறிவிப்பாளர் வாயைத் திறந்தார், மூவாயிரம் பேரும் வாயைத் திறந்தார்கள், அரங்கம் முழுக்க ஒரு பெரிய மௌனம் எழுந்து கூரையில் முட்டி நின்றது. எதிரணிக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதைக் கேட்கவென்றே பக்கத்து மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முதுகில் ஒன்றும் எழுதாத சட்டையைக் கல்லூரி கடை போட்டு விற்றது. வெறும் சட்டைக்கு எதற்கு வரிசை என்று மெர்ல் வரிசையில் நின்றவர்களிடமே கேட்டார். அவர்கள் அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

மே மாதத்தில் பட்டமளிப்பு. ரொவீனா முதல் வரிசையில், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் தொப்பியோடு. கல்லூரித் தலைவர் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, வாயைத் திறந்து, மூடினார். நாலாம் நம்பர் எழுந்து போனான். கையில் கொடுத்த தாளில் கல்லூரியின் பெயர் இருந்தது, முத்திரை இருந்தது, நடுவில் வெள்ளை. ரொவீனா அந்த வெள்ளையை விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். "இதான். இதேதான் நான் வச்சது" என்றாள் பக்கத்திலிருந்தவளிடம். அவளும் எட்டிப் பார்த்து, அழகான பெயர் என்று ஒப்புக்கொண்டாள்.

மெர்ல் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்திருந்தார். நாலாம் நம்பர் அங்கியோடு அவரிடம் வந்தான்.

"பெருசு, ஒரு தடவ கூப்பிட்டுப் பாரு."

"எதுக்கு?"

"ஊர்ல எல்லாரும் முயற்சி பண்ணிட்டாங்க. நீ ஒருத்தன்தான் பாக்கி. பேரு இருந்தப்பவும் நீ கூப்பிட்டதில்ல. மூணு வருஷமா 'டேய் நாலு'தான்."

"யாரயும்தான் கூப்பிட்டதில்ல. நீங்க வர்றீங்க, போறீங்க. இதுல பேரெல்லாம் எவன் படிக்கிறது?" என்றார் மெர்ல். ஆனால் நாற்காலியைக் கீழே வைத்தார். பெயர் அவருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும், எத்தனை எழுத்து என்பதுவரை. தொண்டையைச் செருமிக்கொண்டு, முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஆட்டக்காரனின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு சரியான இடத்துக்குத்தான் போனது. காற்று வந்தது.

வாயை மூடினார். மறுபடி திறந்தார். மூடினார்.

"பல்லு" என்றார். "போன மாசம் கட்டுனது. கீழ் வரிசை ஆடுது. வேற ஒண்ணுமில்ல."

"சரி, பெருசு."

"என்ன சரி? வெள்ளிக்கிழமை டாக்டர்ட்டப் போறேன். இறுக்கிட்டு வந்து சொல்றேன் பாரு" என்று சொல்லிவிட்டு, நாற்காலிகளைப் பாதியில் விட்டு, கார் நிறுத்துமிடத்தின் குறுக்கே நடந்தார். நடக்கும்போதும் அவர் வாய் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.