சுவரில் போட்ட கரிக்கோடுகள்

காலை ஏழரை மணிக்குக் கிள்ளான் போகும் ரயில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸைக் குலுக்கிவிட்டுப் போனது. பவுனம்மாள் இரண்டு கொட்டாங்குச்சிகளைக் கணவன் முன்னால் வைத்தாள். ஒன்றில் நூறு புளியங்கொட்டைகள், மற்றது காலி.

வேலாயுதம் ரயில்வேயில் வண்டிகளைத் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை பார்த்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷத் தொடக்கத்தில் பாரிசவாயு வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு தேறியது, பேச்சு குழறியது, கைதான் வரவில்லை. இடக்கையால் சாப்பிட மாட்டேன் என்று அவர் ஒரே பிடிவாதம். மூன்று வேளையும் பவுனம்மாள்தான் ஊட்டினாள். தன் கையால் ஒரு வாய் சோறு அள்ளித் தின்ன வேண்டும், அது ஒன்றுதான் மனுஷனுக்கு ஆசை.

இந்தக் கொட்டாங்குச்சி வைத்தியத்தைச் சொன்னவர் யாழ்ப்பாணத்து டாக்டர் கார்த்திகேசு. விழுந்த கைக்குத் தைலம் தேய்ப்பது நல்லதா, வேலை கொடுப்பது நல்லதா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். சில நோயாளிகளுக்குத் தைலம், சிலருக்குப் புளியங்கொட்டை. ஞாயிறுதோறும் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சோதித்து நோட்டில் எழுதிக்கொள்வார். விழுந்த கையாலேயே காலையில் நூறு, மாலையில் நூறு கொட்டைகளை மாற்றிப்போட வேண்டும். முடித்ததும் வீட்டார் சுவரில் ஒரு கரிக்கோடு போட வேண்டும்.

முதல் கொட்டையைப் பிடிப்பதற்குள் வேலாயுதத்துக்கு நெற்றி வேர்த்தது. கொட்டை நழுவி உருண்டது. அவர் கண் கலங்கியதைப் பார்த்துப் பவுனம்மாளுக்கு மனசு பொறுக்கவில்லை.

"இந்தக் கொட்டையோட மல்லுக்கட்டவா நீங்க பொறந்தீங்க? தள்ளுங்க, நான் மாத்திடறேன்."

மளமளவென்று மாற்றிவிட்டுக் கோடும் போட்டாள். நூறும் மாறியது என்னவோ உண்மைதான். மாற்றியது யார் கை என்று சுவரா சொல்லப் போகிறது?

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. டாக்டர் கேட்டால், "ஒரு நாள் தவறாம செய்யறாரு டாக்டரய்யா" என்பாள். வெயிலில் சைக்கிள் மிதித்து வருகிறவர் முகம் வாடிப்போகுமே என்று அதற்கு ஒரு சமாதானம் வேறு. பெண்டாட்டியைக் காட்டிக் கொடுக்க வேலாயுதத்துக்கும் வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் சோதித்துப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் இரண்டே கொட்டை, முதல் நாள் மாதிரியே. நோட்டை மூடிவிட்டார்.

"மற்ற வீடுகளில ஒருநாள் செய்வினம், நாலுநாள் விடுவினம். உங்கட வீட்டுக் கரிக்கோட்டைத்தான் அம்மா நான் நம்பியிருந்தனான். ஒருநாளும் தவறாமல் செய்தும் கை வரேல்லை எண்டால் இந்த வைத்தியத்திலதான் பிழை. அடுத்த கிழமை கிள்ளானில நாகையா எண்ட வண்டிக்காரருக்கும் தொடங்க இருந்தனான். இனி வேண்டாம்."

பவுனம்மாள் அந்த நாகையாவைப் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கும் எவளோ ஒருத்தி ஊட்டிக்கொண்டிருப்பாள். டாக்டர் சைக்கிளில் ஏறப் போன நேரம் அவள் வாசலுக்கு ஓடினாள்.

"நில்லுங்க டாக்டரய்யா! அத்தனையும் நான் மாத்துனது. அவரு படற பாட்டைப் பாக்கச் சகிக்காம நான்தான்..." அழுதுவிட்டாள்.

டாக்டருக்குக் கோபம் வந்தது. அவள் அழுததைப் பார்த்ததும் போய்விட்டது.

"அப்ப உங்கட கை நல்லாத் தேறியிருக்கும்," என்றார். "ஈரத்துணி கொண்டுவாங்கோ. சுவரைத் துடைச்சிட்டு முதல்ல இருந்து தொடங்குவம். நாகையாவுக்கும் தொடங்குறன்."

மறுநாளிலிருந்து பவுனம்மாள் இரண்டு கைகளையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அன்று மூன்று கொட்டைதான். மூன்று என்றே டாக்டரிடம் சொன்னாள். அடுத்த மாதம் பதினெட்டு. மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம் வேலாயுதம் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பாதிச் சோறு மடியில் விழுந்தது, மீதி வாய்க்குப் போனது. "பவுனு... ரசம்... ஊத்து," என்றார். ஊற்றினாள். சிந்தியதைத் தொடவில்லை.

டாக்டர் அதை நோட்டில் எழுதினார். "ஒருத்தர் தேறினது காணாது, இன்னும் கனபேரிட்டப் பாக்க வேணும்," என்றவர் பெருமூச்சு விட்டார். "கிள்ளானில நாகையாட பெண்சாதி மாரியாயி ஒருநாளும் தவறாமல் கோடு போட்டிருக்கிறா. கைதான் அசையேல்லை."

பவுனம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு டாக்டரோடு அடுத்த ரயிலிலேயே கிளம்பினாள்.

"எல்லாம் அவரேதான் செய்யறாரு அக்கா," என்று மாரியாயி ஆரம்பித்தாள். பவுனம்மாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் முந்தானையாலேயே அவள் கைகளைச் சுற்றினாள்.

"நானும் இதே பொய்யச் சொன்னவதான் தங்கச்சி. புருஷன் மேல ஆசை இருந்தா, அவரு கைக்கு வேலையக் குடுத்துட்டு உன் கையக் கட்டிக்கிட்டு உக்காரு. டாக்டருகிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லு. உன் பொய்ய நம்பி, இந்த வைத்தியம் பலிக்காதுன்னு அவரு நோட்டுல எழுதிட்டாருன்னா, நீ பாக்காத வீட்டுல ஒருத்தருக்குக் கை வராமலே போயிடும்."