வண்டி நின்ற வாய்க்கால்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது என் ஸ்கூட்டரால்.

ஒரத்தநாட்டுப் பக்கத்தில் ஆண்டனி அண்ணனும் நானும் ஆறு வருடம் கூட்டாக நாற்றங்கால் நடத்தினோம். பிறகு வாய்ச்சண்டை முற்றிப் பிரிந்தோம். தகராறு வந்தால் நடுவர் ஒருவர் தீர்த்துவைப்பார் என்று எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது. வந்த நடுவர் ஓய்வுபெற்ற என்ஜினீயர், சென்னைக்காரர். எந்தத் துண்டு யாருக்கு என்று பிரித்துக்கொடுக்க, இடத்தைப் பார்க்க அவர் வந்தது மே மாதம்.

மே மாதத்தில் எங்கள் ஊர் வாய்க்காலெல்லாம் காய்ந்து கிடக்கும். ஆடு, மாடு, மனிதர் எல்லாம் அதற்குள்தான் நடப்போம். நானும் வழக்கம்போல் ஸ்கூட்டரை அதில் ஓட்டிப்போய் நடுவிலேயே நிறுத்தினேன். அவர் போட்டோ எடுத்துக்கொண்டார். தீர்ப்பில் அந்தத் துண்டைப் பாதை என்று எழுதி, ஆண்டனிக்குக் கொடுத்துவிட்டார். அது நாங்கள் இருவரும் சேர்ந்து வெட்டிய வாய்க்கால். என் நாற்றங்காலுக்கு ஆற்றுத் தண்ணீர் வர வேறு வழி கிடையாது.

எனக்குக் கோபம் வந்தால் செருப்பு மாட்டக்கூடப் பொறுமை இருக்காது. மறு வாரமே தஞ்சாவூர் மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டேன்.

வக்கீல் ஷமா அன்றைக்கே எச்சரித்தாள். “அக்கா, இது அப்பீல் இல்ல. நடுவர் லஞ்சம் வாங்கினாரா, நம்மள பேசவே விடலையா, சட்டத்துக்கே புறம்பா எழுதினாரா, இந்த மாதிரிதான் கோர்ட் பாக்கும். தப்பாப் புரிஞ்சுக்கிட்டாருன்னு மட்டும் சொன்னா எடுபடுறது கஷ்டம்.”

“வாய்க்கால வாய்க்கால்னு சொல்றதுல என்னடி கஷ்டம்?”

“சொல்லுங்க. ஜட்ஜ் அந்த போட்டோவக் காட்டுவாரு.”

ஒரு வருடம் கழித்து, ஜூன் முதல் வாரத்தில், காட்டினார்.

“இது உங்க வண்டிதானேம்மா?”

“ஆமாங்கய்யா.”

“நடுவர் நேர்ல வந்து பாத்திருக்காரு. அப்ப நீங்க இது வாய்க்கால்னு சொல்லலையே?”

எங்கள் ஊரில் வாய்க்காலைக் காட்டி ‘இது வாய்க்கால்’ என்று யார் சொல்வார்கள்?

“நானே விசாரிச்சிருந்தா வேற மாதிரி முடிவு பண்ணியிருப்பேனோ என்னவோ. ஆனா அவர் இடத்துல உக்காந்து திரும்ப எடைபோட எனக்கு அதிகாரம் இல்லம்மா.”

மனு தள்ளுபடி. அவர் அவ்வளவு தன்மையாகச் சொன்னதால் அவர்மேல் கோபப்பட முடியவில்லை. ஸ்கூட்டர்மேல்தான் கோபம் வந்தது. ஆண்டனி நேராக பஸ் ஏறிப் போய்விட்டார்.

கல்லணை திறந்தார்கள். சென்ற வருடம் பக்கத்து வயல் போர்வெல் தண்ணீரில் சமாளித்தேன். இந்த வருடம் அதுவும் வற்றிவிட்டது. இருந்தாலும் கைப்பழக்கத்தில் விதையை ஊறவைத்துவிட்டேன். மூன்று மூட்டையும் முளைகட்டிவிட்டது. தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் கோழிக்குத்தான்.

காலையில் போய்ப் பார்த்தால், ஆண்டனி மண்வெட்டியோடு வாய்க்காலுக்குள் நிற்கிறார். வழக்கம்போல் அதிலேயே வண்டியை நிறுத்தி, இறங்கும்போதே கத்தினேன்.

“கப்பிக்கல்லக் கொட்டி மூடப் போறீங்களா?”

“தூர் வார்றேன்.”

“எதுக்கு?”

“பாதை என்னுது. அதுல லாரி விடுவேன், தண்ணி விடுவேன். கோர்ட்டால மாத்த முடியாதுன்னு ஜட்ஜே சொல்லிட்டாரே!”

“இத போன வருஷமே சொல்லியிருக்கலாமே அண்ணே?”

“சொல்லத்தான் சட்டைய மாட்டுனேன். வாசல்ல உன் கோர்ட்டு நோட்டீஸ் நிக்குது. எனக்கு மட்டும் கோவம் வராதா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா, வேம்பு?”

கேட்கவில்லை. ஷமாவைக் கேட்டேன், ஜட்ஜைக் கேட்டேன், ஊரில் எல்லோரையும் கேட்டேன். இரண்டு வயல் தள்ளி இருந்தவரைக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

அவர் மடையைத் திறந்துவிட்டு நிமிர்ந்தார். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வாய்க்காலுக்குள் திரும்பியது. நான் கரையில் வாய் பிளந்து நின்றுகொண்டிருந்தேன்.

“பாத்துக்கிட்டே நிக்கிறியே,” என்று கத்தினார் ஆண்டனி. “மொதல்ல உன் வண்டிய எடும்மா!”