மறைத்துவைத்த இருமல்

சிறுநீரகத்தில் வந்த புற்றுநோய் ஈரல்வரை பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது மனைவி இடிந்துபோய் உட்கார்ந்தாள். நோயாளியான அவள் புருஷன், லிஃப்ட் மெக்கானிக், மட்டும் "நான் பார்க்காத பழைய மெஷினா டாக்டர்?" என்று கேலி பேசினார். அந்த மனுஷனுக்குப் பயம் வந்தால் வாய்தான் முதலில் ஓடும். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அது தெரியும்.

டாக்டர் இளவயதுப் பெண், பொறுமைசாலி. முன்பெல்லாம் நோய் இவ்வளவு பரவிவிட்டால் கையைப் பிசைவதைத் தவிர அதிகம் செய்வதற்கில்லை என்றார். இப்போது உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியையே அவிழ்த்து நோயின்மேல் ஏவிவிடும் மருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் கேட்காது, கேட்டால் நன்றாகவே கேட்கும். ஆனால் அவிழ்த்துவிட்ட சக்தி சமயத்தில் நல்ல உறுப்பையும் கடித்துவைக்கும். அரிப்பு, வயிற்றுப்போக்கு, இருமல், மூச்சு வாங்குவது, எது வந்தாலும் அன்றைக்கே சொல்லவேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். புருஷனும் பெண்டாட்டியும் நல்ல பிள்ளைகள்போல் தலையை ஆட்டினார்கள்.

மருந்து கேட்டது. அடுத்த ஸ்கேனில் ஈரலில் இருந்த கட்டிகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. அவளுக்குத் துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை. அன்று சந்தோஷத்தில் ஒரு பேன்ட்டின் ஒரு காலை மட்டும் நாலு விரல் குட்டையாகத் தைத்துவிட்டு, முதலாளி திட்டத் திட்டச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

மருந்து ஏற்றும் கூடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு லாரி டிரைவர். கையெல்லாம் அரித்துக் கொப்புளம் வந்ததை அவர் நர்ஸிடம் சொன்னார். அன்றைக்கே அவருடைய மருந்தை நிறுத்திவிட்டார்கள். அடுத்த தடவை அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். டிரைவர் எங்கே என்று இவர்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்காமலே ஒரு பதிலை எடுத்துக்கொண்டார்கள். "வாயைத் திறந்தான், போச்சு" என்றார் மெக்கானிக், வீடு திரும்பும் பஸ்ஸில்.

அதற்குப் பிறகுதான் இருமல் வந்தது. முதலில் குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு இருமினார். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அவளுக்கு அது கேட்டது. ஏதோ தூசி என்று நினைத்தாள். அப்படி நினைக்க விரும்பினாள். மாடிப்படியில் பாதியில் நின்று, சுவர்க் கடிகாரத்தில் மணி பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு அவர் மூச்சு வாங்கிய அன்று அவளால் அப்படி நினைக்க முடியவில்லை.

"சொல்லிடலாங்க" என்றாள்.

"சொன்னா நிறுத்திடுவாங்க. நிறுத்தினா மறுபடி வளரும். வெறும் இருமல்ல யாராவது செத்திருக்காங்களா?"

உண்மையைச் சொன்னால், அவளும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. சுருங்கிக்கொண்டே வந்த கட்டி அவளுக்கும் ஆசை காட்டியிருந்தது.

பிறகு இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் ஆனார்கள். ஆஸ்பத்திரிக்குள் நுழையுமுன் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒதுங்கி, இருப்பதையெல்லாம் இருமித் தீர்த்துவிடுவார். அவள் பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் கொடுப்பாள். உள்ளே நர்ஸ் கேள்வி கேட்கும்போது அவர் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பார். சிரிப்பில் பாதிக் கேள்வி கரைந்துபோகும். "வீட்ல ஏதாவது கவனிச்சீங்களாம்மா?" என்று அவளைக் கேட்டால், "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று தரையைப் பார்த்துச் சொல்வாள். இத்தனைக்கும் இதே மனுஷர்தான், லிஃப்டில் சத்தம் வந்த அன்றே ஏன் கூப்பிடவில்லை என்று கட்டிட முதலாளிகளை நிற்கவைத்துக் கிழிப்பவர். தன் நெஞ்சில் வந்த சத்தத்துக்கு மட்டும் ஆளைக் கூப்பிடவில்லை.

ஒரு காலையில் ஷூ மாட்டக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. அவசரப் பிரிவில் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்தார்கள். டாக்டர் ஓடிவந்து, இருமல் எப்போதிலிருந்து என்று கேட்டார். போர்வைக்குக் கீழே புருஷனின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன. வேண்டாம் என்று அர்த்தம். உதடு நீலம் பாரித்துக் கிடக்கும்போதும் வேண்டாமாம்.

"ரெண்டு மூணு மாசமா இருக்கு டாக்டர். நாங்கதான் மறைச்சோம்."

மணிக்கட்டில் பிடி தளர்ந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

டாக்டர் அவளை வெளியே அழைத்துப்போய்க் கணினியில் படங்களைக் காட்டினார். ஈரலில் கட்டி இருந்த இடங்கள் ஏறக்குறைய வெறுமையாக இருந்தன. நுரையீரல் இரண்டும் வெள்ளை பூத்துக் கிடந்தன. இது நோய் இல்லை, மருந்து அவிழ்த்துவிட்ட சக்தி நுரையீரலைக் கடித்தது என்றார். முதலிலேயே தெரிந்திருந்தால் மருந்தை நிறுத்தி மாத்திரை கொடுத்திருப்பார்கள். பெரும்பாலானவர்கள் அதில் தேறிவிடுவார்கள்.

"நிறுத்தியிருந்தா கட்டி வளர்ந்திருக்காதா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியைத்தான் இத்தனை நாளும் கேட்காமல் இருந்தார்கள்.

"எல்லாருக்கும் வளராதும்மா. நிறுத்தின பிறகும் பல பேருக்கு அந்தப் பலன் ரொம்ப நாள் நிக்கும்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முடிந்ததைச் செய்கிறோம், வரவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். வெளியூரில் இருந்த மகளுக்குப் போன் செய்துவிட்டு, நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் மாஸ்க்கை விலக்கினார். "நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்திட்டாங்க."

"நீ சொன்னதாலதானே?"

கட்டி கரைந்துவிட்டது என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும். பிழைத்திருப்பீர்கள், நீங்கள் மறைத்ததுதான் உங்களைக் கொல்கிறது என்று அந்த முகத்தைப் பார்த்து எந்தப் பெண்டாட்டி சொல்வாள்?

"ஆமாங்க. நான் சொன்னதாலதான்."

"நல்லாத்தானே வந்துட்டிருந்தேன்" என்றார். மூச்சு இழுத்தது. "கெடுத்துட்டியே."

"என் புத்திதாங்க" என்று மாஸ்க்கைச் சரியாக வைத்துவிட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மாலையில் மகள் வந்ததும், படத்தில் இருந்ததை அவர் காதில் போடக்கூடாது என்று டாக்டரிடம் கெஞ்சிவிட்டுத்தான் மகளை உள்ளே விட்டாள். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். மனைவி நீட்டிய கையைத் தொடவில்லை.

"அப்பா ஏம்மா உன்கிட்ட பேசமாட்டேங்கிறாரு?" என்று மகள் வெளியே வந்து கேட்டாள்.

"கோபம்மா. என்மேல ஒரு தப்பு. இருந்துட்டுப் போகட்டும்."

மறுநாள் பிற்பகலில் அவர் போனார். அப்போதும் அவர் கை மகளிடம்தான் இருந்தது.