ஊறும் நேரம்

தண்ணீரை மக்கில் முகந்து வெளியே ஊற்றிவிட்டால் கழிப்பறைக் கோப்பைக்குள் அந்த மஞ்சள் வளையம் முழுசாகத் தெரியும். போர் தண்ணீரின் உப்பு படிந்து படிந்து ஓடு மாதிரி இறுகிப்போனது. வினிகரில் நனைத்த துணியை அதன் மேல் சுற்றிலும் ஒட்டிவிட்டு, அண்ணி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். இனி ஊற வேண்டும். ஊறாமல் தேய்த்தால் கைதான் தேயும்.

மேல்மாடியைச் சுத்தம் செய்கிற நாத்தனார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அந்த அலுவலகத்தில் எல்லோருக்குமே அவள் அண்ணியாகிவிட்டிருந்தாள்.

கதவு தட்டாமலே திறந்தது. சூப்பர்வைசர். எந்தக் கோப்பைக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்காமல் போகமாட்டார் என்பதால் அவருக்கு டார்ச் என்றே பெயர். டார்ச்சர் என்பதைத்தான் மரியாதைக்காகச் சுருக்கிவிட்டார்கள் என்று சொல்பவர்களும் உண்டு.

"என்னம்மா, உக்காந்துட்டே?"

"ஊறணும் சார்."

"அது ஊறுதா, நீ ஊறுறியா?"

அவள் எழுந்து நின்றாள். டார்ச் துணியின் மேல் வெளிச்சத்தை ஓடவிட்டார்.

"நேத்தும் நீ உக்காந்துதான் இருந்தே. எனக்குத் தெரியும். அடுத்த மாசத்துலருந்து ரெண்டு மாடிக்கும் ஒரே ஆள்தான். யாரை வச்சுக்கலாம்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

அவர் போன பிறகும் அண்ணிக்கு உட்காரத் தோன்றவில்லை. யார் போட்டுக்கொடுத்திருப்பார்கள்? நேற்று இந்தப் பக்கம் வந்தது நாத்தனார் ஒருத்திதான், வினிகர் கேட்டு. இடுப்பு முறிந்து படுத்துவிட்ட அவள் அண்ணனை வைத்துக்கொண்டு இரண்டு பேர் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அப்படியிருந்தும் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அண்ணனின் பெண்டாட்டியைக் காட்டிக்கொடுப்பாளா? கொடுப்பாள் என்றுதான் பட்டது.

மாலை பஸ்ஸில் நாத்தனார் பையை வைத்துப் பிடித்திருந்த இடத்தில் அவள் உட்காரவில்லை.

"ஏன் அண்ணி, கால் வலிக்கலயா?"

"நான் உக்காந்தா சில பேருக்குக் கண்ணு உறுத்துது."

நாத்தனார் விழித்தாள். புரியாத மாதிரி நடிக்கிறாள் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கோப்பையின் விளிம்புக்கு அடியில் பிரஷ்ஷை விட்டபோது நீல மை கரைந்து வழிந்தது. எந்தப் புண்ணியவான் இங்கே வந்து படம் வரைந்தானோ என்று முணுமுணுத்தபடி சுவடு இல்லாமல் தேய்த்து எடுத்தாள். வளையம் பாதிதான் இளகியிருந்தது. மீதிக்கு இன்னும் சில தடவை ஊற வேண்டும்.

டார்ச் வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார்.

"இங்க ஒரு மார்க் இருந்துச்சே?"

"நீலமா இருந்துச்சே, அதுவா? தேய்ச்சுட்டேன் சார்."

"நான்தான் போட்டேன். நீ தேய்க்கிறியா இல்லையான்னு பாக்க."

"அப்ப தேய்ச்சிருக்கேன்ல சார்?"

அவர் சிரித்தார். "கறை இருக்கு, மார்க் மட்டும் போயிருக்கு. மார்க் இருக்குன்னு தெரிஞ்சுதான் அதை மட்டும் தேய்ச்சிருக்கே. யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். அது வெறும் மை. கறை அப்படியா?"

"மார்க்கர் எடுத்துட்டு வந்து குடுத்தது உன் நாத்தனார். அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?"

"நாங்க நேத்துலருந்து பேசிக்கவே இல்ல சார்."

"ரெண்டு பேரும் நல்லாத்தான் நடிக்கிறீங்க."

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "நான் உக்காந்திருந்ததை உங்ககிட்ட சொன்னதே அவதானே? அவ போய் எனக்கு எதுக்கு சார் உதவி பண்ணப்போறா?"

"அதை யாரும் சொல்லல. நான் கதவுக்கு வெளியில நின்னேன். தேய்க்கிற சத்தமே கேக்கல."

அடுத்த மாதம் வரைக்கும் அவர் காத்திருக்கவில்லை. அன்று மாலையே நாத்தனாரின் அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். ஆளைக் காட்டிக்கொடுக்கிறவளைவிட, அதிகாரியைக் காட்டிக்கொடுக்கிறவள்தான் ஆபத்தாம்.

பஸ்ஸில் இந்தத் தடவை அண்ணி இடம் பிடித்து வைத்திருந்தாள். நாத்தனார் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் பேரை நீங்கதானே சொன்னீங்க, அண்ணி?"

"என் புருஷன் மேல சத்தியமா இல்ல. நீ உக்காரு."

"ரெண்டு மாடியும் உங்களுக்குத்தானே இப்ப."

நாத்தனார் இறங்கும்வரை உட்காரவில்லை. அந்த இடத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலை அண்ணி மேல்மாடிக் கழிப்பறையில் தண்ணீரை முகந்து ஊற்றினாள். துணியை நனைத்து நாத்தனார் விட்டுப்போன வளையத்தின் மேல் ஒட்டினாள். வாளியைக் கவிழ்த்தாள். உட்காரவில்லை. காய்ந்த பிரஷ்ஷை எடுத்து, குனிந்து நின்று, வாளியின் அடிப்புறத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். சரக், சரக் என்று சத்தம் நன்றாகவே வந்தது.

வெளியே ஷூ சத்தம் கதவருகில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து நகர்ந்து போனது. துணி ஊறிக்கொண்டிருந்தது. அவள் கை வலிக்க வலிக்கச் சுத்தமான வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.