சூறைக்குருவிக்குக் காவல்

என் வீட்டுக்காரர் திருமூர்த்திக்குப் பறவை என்றால் உயிர். அதில் தப்பில்லை. அடுத்தவர் பார்த்த பறவையை நம்பவே மாட்டார், அங்கேதான் கோளாறு. பேங்கில் முப்பது வருடம் ஊரார் கையெழுத்தை உற்று உற்றுப் பார்த்து, சரியில்லை என்று திருப்பி அனுப்பிப் பழகிய கண். ஓய்வு பெற்றதும் அந்தக் கண்ணுக்கு வேலையில்லாமல் போய்விடக் கூடாதே என்று 'நொய்யல் சிறகுகள்' என்றொரு வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தார். கோயமுத்தூர்ப் பக்கம் யார் எந்தக் குளத்துக் கரையில் எந்தப் பறவையைப் பார்த்தாலும் அதில் போட வேண்டும். படம் இருந்தால் ஒப்புதல் கிடைக்கும். இல்லாவிட்டால் குறுக்கு விசாரணைதான்.

இரண்டு வருடத்துக்கு முன், பங்குனியில், கிருபாசங்கர் என்ற உறுப்பினர், சிமெண்டு ஆலை இருக்கிற மதுக்கரையில் ஆறுமணிக்குருவியைப் பார்த்ததாக எழுதினார். காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கத்துமே, உடம்பெல்லாம் வண்ணமாக, அந்தக் குருவி. குளிர்காலம் முடிந்து வடக்கே திரும்பும் வழியில் இறங்கியிருக்கிறது என்றார். படம் இல்லை. "கண்ணால பாத்தேனுங்க" என்றார். "சிமெண்டுத் தூசியில ஆறுமணிக்குருவியா?" என்று இவர் சிரித்துவிட்டு, பொய்த் தகவலுக்கு இங்கே இடமில்லை என்று ஒரே வரியில் அவரை நீக்கிவிட்டார். எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டுப் போகிற மனிதர் அவர். அதற்குப் பிறகு வரவே இல்லை.

"பொய்யன்னு சொல்லிப்போட்டீங்களே, நல்லாவா இருக்குது?" என்று கேட்டேன்.

"விதின்னா விதிதான் அம்மணி" என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். காரமடைக்குப் பக்கத்தில் என் அப்பா விட்டுப்போன காட்டில், அதாவது விளைநிலத்தில், என் பங்கு இரண்டு ஏக்கரா. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் பங்கு கேட்கிற வழக்கமில்லை. கல்யாணத்தில் சீர் வாங்கிக்கொண்டு, விடுதலைப் பத்திரத்தில் சிரித்த முகமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் பொங்கலுக்கு அண்ணன் எடுத்துக் கொடுக்கும் சேலையைப் பார்த்துப் பூரித்துப் போக வேண்டும். நான் கையெழுத்துப் போடவில்லை. என் அண்ணன் அப்புசாமிக்கு அந்த இடத்தில் வீட்டு சைட் போட்டு விற்கும் யோசனை. ஆனால் அவர் சண்டைக்கு வரவில்லை. எங்கள் ஊரில் சண்டையும் மரியாதையாகத்தான் நடக்கும்.

"காடுன்னா வெள்ளாம பண்ணோணும் சாந்தாமணி. சும்மா போட்டு வெச்சா முள்ளுதான் மொளைக்கும். ஒரே ஒரு வெள்ளாம எடுத்துக் காட்டு, நான் அந்தப் பேச்சையே எடுக்கல. இல்லீன்னா கையெழுத்தப் போட்டுரு கண்ணு."

"சரிங்ணா" என்று சொல்லிவிட்டேன். இந்த வாய் என்றைக்குச் சும்மா இருந்தது?

சோளம் போடலாம் என்று முடிவானது. உழுவதற்கு டிராக்டர் வந்து நின்ற அன்று, காட்டு நடுவில் கௌதாரி ஒன்று முட்டை வைத்திருப்பதை என் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். அவ்வளவுதான். குஞ்சு பொரித்து அம்மாவும் பிள்ளைகளும் நடந்து போகிற வரைக்கும் உழவு கிடையாது என்றார். டிராக்டர்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். ஊரெல்லாம் விதைத்து முளை விட்ட பிறகு நாங்கள் விதைத்தோம்.

அதனால் என்ன ஆயிற்று என்றால், மாசியில் சுற்றுவட்டாரம் முழுக்க அறுத்துப் போரடித்து முடித்திருக்க, எங்கள் காட்டில் மட்டும் கதிர் பால் பிடித்து நின்றது. மாசி, பங்குனிதான் சூறைக்குருவிகள் வடக்கே திரும்பக் கூட்டம் சேருகிற காலம். கறுப்புத் தலை, ரோஸ்மில்க் நிறத்தில் உடம்பு. பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் அந்தக் கூட்டம் எங்கள் சோளத்தின் மேல் இறங்கியது. நான் தட்டை எடுத்துத் தட்டிக்கொண்டு ஓடினேன்.

"தட்டாத, தட்டாத! அப்படியே நில்லு!" என்று கேமராவோடு இவர் எனக்கு முன்னால் வந்து விழுந்தார். "அது பூச்சியத்தான் திங்குது அம்மணி."

"ஏனுங்க, பூச்சி கதிருக்குள்ளயா குடியிருக்குது?"

படம் எடுத்துக் குழுவில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்தபோது ஒரு மூலைக் கதிர் முழுக்க வெறும் சக்கையாக நின்றது. வெடி போட்டு விரட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. போன வருடம்தான், பறவைகளுக்கு வெடி போடும் விவசாயிகளைத் தடுக்கக் கோரிக் கலெக்டரிடம் மனுக் கொடுத்தவர் இவர். பேப்பரில் படத்தோடு வந்தது. நான்தான் அதைக் கத்தரித்து வைத்தேன்.

மறுநாள் விடியும்போதே நாற்பது பேர் வந்துவிட்டார்கள். தொப்பியும் பச்சைச் சட்டையும் முழங்கை நீளத்துக்குக் கேமராவுமாக நாலு வரப்பிலும் நின்றார்கள். குருவிக் கூட்டம் வந்தது. மேலே வட்டம் அடித்தது. இத்தனை பேர் நிற்பதைப் பார்த்துவிட்டு இறங்காமலே போய்விட்டது. மறுபடி வந்தது, மறுபடி போனது. எல்லோர் முகமும் தொங்கிப் போயிற்று. எனக்குத்தான் வயிற்றில் பால் வார்த்தது. இதைவிட நல்ல சோளக்கொல்லைப் பொம்மை எந்தச் சந்தையில் கிடைக்கும்? அதுவும் சொந்தச் செலவில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்து நிற்கிற பொம்மை! அவர்கள் கிளம்பிப் போன பிற்பாடு குருவிகள் திரும்பி வந்து இன்னொரு பாத்தியை முடித்துவிட்டன. எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது.

"இவிய எல்லாரும் தெனமும் வரோணும். காலைலயும் நிக்கோணும், சாயங்காலமும் நிக்கோணும். பறவை இங்கயே இருக்குதுன்னு தெனமும் எழுதுங்க" என்றேன்.

"ஆளு நின்னா அது எறங்காதே. எறங்காத பறவைய எறங்குச்சுன்னு எப்படி எழுதறது?"

"பொய்தான் எழுதோணும்."

என்னமோ நான் கோயில் உண்டியலை உடைக்கச் சொன்ன மாதிரி பார்த்தார். வாழ்க்கையில் ஒரு சிட்டுக்குருவியைக்கூடக் கூட்டி எழுதியதில்லை என்றார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அப்படீன்னா நான் போயி எங்கண்ணனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தர்றேனுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டார். கையில் போன். 'காரமடை. சூறைக்குருவி, பெருங்கூட்டம், கதிர்மேல். விடியலில் வந்தால் பார்க்கலாம்.' எழுதி முடித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை.

அப்புறம் ஒரு மாதம் எங்கள் காட்டில் திருவிழாதான். முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். நான் டீ போட்டேன், இடியாப்பம் மாதிரி சந்தவை பிழிந்தேன், வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். கால் கடுத்து உட்காரப் போனவர்களிடம், "நின்னீங்கன்னாத்தானுங்க நல்லாத் தெரியும்" என்று சொல்லி எழுப்பி விட்டேன். யாராவது கேட்டால், "இப்பத்தானுங்க கெளம்பிப் போச்சு, திரும்ப வந்துரும்" என்பார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

குழுவில் இவருக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவள் பிரவீனா, காலேஜில் பாடம் எடுக்கிற பெண். கெட்டிக்காரி. ஒருநாள் டீ டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது இவரைப் பார்த்துச் சொன்னாள்: "நாங்க கால வெச்சாலே பறந்துருதுங்க சார். உங்க கண்ணுக்கு மட்டும் காட்சி குடுக்குதுங்க. நீங்க குடுத்து வெச்சவங்க." பொய் சொல்கிறீர்கள் என்பதை எங்கள் ஊரில் இதைவிடப் பச்சையாக யாரும் சொல்ல மாட்டார்கள். இவர் காது சிவந்து போயிற்று.

கதிர் முற்றியது. அறுத்தோம். களத்தில் சோளம் குவிந்து கிடந்தபோது அண்ணன் வந்தார். கக்கத்தில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் பத்திரம். ஒரு கை சோளத்தை அள்ளி, நாலு மணியை வாயில் போட்டுக் கடித்தார்.

"வெளைஞ்சுதான் இருக்குது. காவலுக்கு ஆளு போட்டிருந்தயாமா?"

"ஆமாங்ணா. எல்லாம் படிச்ச ஆளுக. டீச் செலவோட போச்சு."

அண்ணன் சிரிக்கவில்லை. கவரை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, "சரி அம்மணி, வாரேன்" என்று போய்விட்டார். எனக்கு அந்தக் களத்திலேயே கும்மி அடிக்கலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்தால் இவர் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். குழுவில் பிரவீனா எழுதியிருந்தாள். ஐயாவின் நீண்ட சேவையைப் போற்றி அவரைக் கௌரவ ஆலோசகராக நியமித்திருக்கிறார்களாம். இனிமேல் பறவைத் தகவல்களைப் பதிவு செய்யும் சிரமம் அவருக்கு வேண்டாமாம். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள்.

"என்னத் தூக்கிப்போட்டாங்க அம்மணி" என்றார். காடு என்னுடையது, பொய் அவருடையது என்று ஆகிவிட்டதே.

நாலைந்து நாள் கழித்துச் சோளத் தட்டையைக் கட்டுக் கட்டப் போயிருந்தோம். அறுத்த தாளுக்கு இடையில் சிந்திக் கிடந்த மணிக்கு அந்தக் குருவிக் கூட்டம் வந்து இறங்கியது. மாசியில் வந்ததைப் போலப் பல மடங்கு. ஊருக்குக் கிளம்பும் முன் சொந்தபந்தம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது போலிருந்தது. ஒன்றாக எழும்பி, சேலையை உதறின மாதிரி ஒரு பக்கம் கறுத்து, ஒரு பக்கம் சிவந்து, மறுபடி இறங்கியது. இவர் கேமராவைத் தொடவில்லை.

"படம் எடுங்க!"

"எடுத்து? போன மாசம் எடுத்த படந்தானேன்னு கேப்பாங்க. நானா இருந்தா அப்படித்தான் கேப்பேன்."

நான் பிரவீனாவைக் கூப்பிட்டேன். "அப்படீங்களா ஆன்ட்டி! ரொம்பச் சந்தோசமுங்க. பாக்கலாமுங்க" என்றாள். எங்கள் பக்கம் 'பாக்கலாமுங்க' என்றால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாயிற்று என்று அர்த்தம். என் கச்சாயத்தை மூன்று மூன்றாக எடுத்துத் தின்றவர்களையெல்லாம் கூப்பிட்டேன். எல்லோரும் வாரேனுங்க என்றார்கள். ஒருத்தரும் வரவில்லை.

கடைசியில் ஒரே ஒரு நம்பர்தான் பாக்கி. கிருபாசங்கருக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை. "சூறைக்குருவி வந்திருக்குதுங்க" என்றேன். படம் இருக்குதா என்று கேட்கவில்லை. "இருங்கக்கா, வாரேன்" என்றார். கை கழுவக்கூட நிற்கவில்லை போலிருக்கிறது, கிரீஸ் கறையோடு வண்டியில் வந்து இறங்கினார். வரப்போரமாக ஓசையில்லாமல் வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் சாயும்போது கூட்டம் எழுந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, மேட்டுப்பாளையம் பக்கமாகப் போயிற்று. திரும்பி வரவில்லை.

என் வீட்டுக்காரர் கிருபாசங்கர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க கிருபா... அன்னைக்கு மதுக்கரையில அந்த ஆறுமணிக்குருவி, எங்க உக்காந்திருந்ததுங்க?"

கிருபாசங்கர் கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு வேப்பமரத்தடியிலிங்க. சருகக் கெளறிட்டு இருந்துச்சுங்க."

"வால ஆட்டுச்சுங்களா?"

"ஆட்டுச்சுங்க."

"ஆட்டுமுங்க" என்றார் என் வீட்டுக்காரர். "அது அப்படித்தானுங்க ஆட்டும்."