தொங்கிக்கொண்டே கொடுத்த காபி

எத்தனையோ வீடுகளுக்குப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துப் போனவள் நான். அழுத பெண்ணைப் பார்த்திருக்கிறேன், பின்வாசல் வழியாக ஓடிய பெண்ணைப் பார்த்திருக்கிறேன். பல்லி மாதிரித் தொங்கிய பெண்ணை மரக்காணத்தில்தான் பார்த்தேன்.

சில்வியாவுக்குப் பாறை ஏறுகிற பைத்தியம். இரும்பை கிராமத்துப் பக்கம் யாரோ கட்டியிருக்கும் பயிற்சிச் சுவரில் கற்றுக்கொண்டாள். நம் மேலேயே கவிழ்வது போலச் சாய்ந்த பாறையில் ஏற, முன்கை சோர்ந்துபோகக் கூடாதாம். அதற்காக வீட்டை ஒட்டிய உப்புக் கொட்டகைச் சுவரில் ஒரு பலகையைச் சாய்வாக அடித்து, கட்டைகள் பதித்து, அதன் அடிப்பக்கத்தில் ஊர்ந்துகொண்டே இருப்பாள். ஒரு கை பிடித்திருக்க, மறு கையை உதறி ஓய்வு கொடுப்பாள். அடுத்த மாதம் பெங்களூரில் போட்டி.

அவள் அப்பா சவரிராயன் உப்பளத்தில் மேஸ்திரி. கல்யாணம்தான், போட்டி கிடையாது என்றார். சண்டை முற்றியது.

"மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டுப் போற வரைக்கும் தரையில கால் வெக்காம தொங்கு பாக்கலாம்! அப்புறம் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன். அந்தோணியார் மேல சத்தியம்!"

கோபத்தில் வந்த வார்த்தை. ஆனால் அந்தோணியார் பெயரைச் சொல்லிவிட்டுப் பின்வாங்க அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது.

ஞாயிறு பூசை முடிந்ததும் பொம்மையார்பாளையத்திலிருந்து கார் வந்தது. மாப்பிள்ளை ஜான்சன், அவன் அம்மா மரியசெல்வி, இன்னும் சில உறவுகள்.

"பொண்ணு எங்கம்மா?" என்றாள் மரியசெல்வி.

"மேலங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

பலகைக்கு எதிரே நாற்காலிகளைப் போட்டோம். சில்வியா தொங்கியபடியே "வாங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் கையால் காபி வாங்கிக் குடிக்காமல் அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அவர்கள் போகாமல் இவள் இறங்க மாட்டாள். இந்தத் தொழிலே வேண்டாம் என்று தோன்றியது.

சில்வியாதான் வழி கண்டுபிடித்தாள். காபித் தட்டை என்னை உயர்த்திப் பிடிக்கச் சொன்னாள். முதல் டம்ளரை வலது கையால் எடுத்து நீட்டினாள், அடுத்ததை இடது கையால். கைக்கும் ஓய்வாயிற்று, காபியும் கொடுத்தாயிற்று.

"சமைக்கத் தெரியுமாம்மா?"

"கீழ இருந்தா சமைப்பேங்க."

மரியசெல்வி அசந்துபோனாள். "ஒரு சொட்டு சிந்தலியே! எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க."

சவரிராயன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இந்த இடத்துக்காக அவர் நடக்காத நடை இல்லை.

அதன்பிறகுதான் உண்மையான சோதனை. "சரி, வர்றோம்" என்று எழுந்தவர்கள் வாசலில் நின்று மண்டபம் பற்றிப் பேசினார்கள். தெருவில் நின்று கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும் தேதி பேசினார்கள். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாருடைய சர்க்கரை வியாதியையோ பேசினார்கள். நம் ஜனங்களுக்கு விடைபெறத் தெரியாது.

சில்வியாவின் முன்கைகள் புடைத்து நடுங்கின. உதறியும் பயனில்லை. ஒரு விரல் நழுவியது, இன்னொன்றும் நழுவியது. சத்தமில்லாமல் அழுதாள்.

சவரிராயன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் போதும், அவர் ஆசைப்பட்டது நடந்துவிடும்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரை நோக்கி ஓடினார். சம்பந்தியாக வரவிருந்தவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"எடுப்பா வண்டிய! போங்க, போங்க! எம் பொண்ணால இதுக்கு மேல முடியாது!" என்று கத்திக்கொண்டே காரைப் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தார்.